சுருக்குப்பை இல்லாத காலை

மாதேஸ்வரியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். ஓசூர் பக்கத்தில் பாகலூர் ரோஜாப் பண்ணையில் அவளோடு பூ வெட்டுகிற பெண்கள், உள்ளே வைரம் வைத்திருக்கிறாள் என்று கேலி பேசுவார்கள். உள்ளே இருப்பது இரண்டு துண்டு வெல்லம். அதுவும் அவளுக்கில்லை, புருஷனுக்கு.

புருஷன் ஆஞ்சப்பன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். சர்க்கரை வியாதி முற்றி ஊசிக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். மற்றவர்களுக்கென்றால் வியர்க்கும், கை நடுங்கும். இவனுக்கு அதற்கும் முன்னால் ஒரு அடையாளம் உண்டு. பேச்சு தெலுங்குக்கு மாறிவிடும். அது அவன் அம்மாவோடு பேசி வளர்ந்த பேச்சு. அவள் போன பிறகு வீட்டில் தமிழ்தான். லீவு நாளில் தமிழில் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று "நீள்ளு தே" என்று தண்ணீர் கேட்டால், மாதேஸ்வரி தண்ணீர் எடுக்கப் போக மாட்டாள். வெல்லத்தை எடுத்து வாயில் திணிப்பாள். டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தத் தெலுங்கு எத்தனையோ தடவை அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருந்தது அபூர்வம். அவன் நைட் ஷிப்டு முடிந்து வரும்போது அவள் பண்ணை வேனுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். கேட்டருகில் பார்த்துக்கொள்வார்கள். "சோறு மூடி வெச்சிருக்கன்." "ம்." "ஊசி போட்டுட்டுத் தூங்கிடாத, துன்னுட்டுத் தூங்கு." "ம்." இவ்வளவுதான் தாம்பத்யம். தலைமாட்டில் ஒரு டம்ளரில் வெல்லத்தைப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். மத்தியானம் எழுந்ததும் அவன் போன் போட்டு, "எங்க இருக்குற?" என்று கேட்பான். பண்ணையில்தான் இருப்பாள் என்று தெரியும். ஆனாலும் கேட்பான். அவளும் தினமும் ஏதோ புதிய சேதி போல, "பண்ணையிலதான் மாமா" என்பாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பிரவீனாவுக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்து கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு விட்ட சமயம், அவளே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். கர்நாடகக் கடற்கரையில், குந்தாப்புரத்துக்கு வடக்கே, ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். பாஸ்கர கார்வி என்ற மீனவர் தன் வீட்டிலேயே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். வீட்டுக்குப் பின்னாலேயே கழி. கழி என்றால் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வாய்க்கால். அதில் ஒரு சின்ன பைபர் படகு. "ஒரு தடவையாச்சும் ரெண்டு பேரும் சேந்து போட்டுல போங்கம்மா" என்று சொல்லி, அம்மாவுக்கு ஒரு நீல நிறச் சுடிதாரும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். சேலையோடு படகில் ஏறினால் தடுக்கி விழுவாளாம்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. விடியும்போது கழியில் வெறும் சேறு கிடந்தது. டிபன் சாப்பிடுவதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கார்வி தானே துடுப்புப் போட்டு, அலையாத்தி மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய், ஆற்று வாயில் மணல் திட்டைக் காட்டிவிட்டு, மத்தியானம் கழி ததும்பி நிற்கும்போது கொண்டுவந்து விட்டார். ஆஞ்சப்பனும் கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டான். கேலவரப்பள்ளி டேமைத் தவிர பெரிய தண்ணீரே பார்க்காத மனுஷன், படகிலிருந்து இறங்கும்போது பரம்பரைப் படகோட்டி போல இறங்கினான்.

கார்வியின் மனைவி நீர் தோசை வார்த்து, கூடவே ஒரு கிண்ணத்தில் தேன் போல ஒழுகுகிற வெல்லத்தை வைத்தாள். அந்தப் பக்கத்தில் அதை ஜோனி பெல்லா என்கிறார்கள். ஆஞ்சப்பன் கிண்ணத்தையே பார்த்தான்.

"ஒரே ஒரு சொட்டு, மாது."

"கண்ணால பாத்துக்க, போதும்" என்று மாதேஸ்வரி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவன் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னான். "கவனிச்சியா? காலையில ஏ ஷிப்டுக்குத் தண்ணி உள்ள வருது. மத்தியானம் பி ஷிப்டுக்கு வெளிய போவுது. நம்ம கம்பெனி மாதிரியே நடக்குது." கார்வி கன்னடத்தில் குறுக்கிட்டு, அது தினமும் அதே நேரத்துக்கு வராது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிப்போகும் என்று விளக்கினார். ஆஞ்சப்பனுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் புரிகிற பாஷையில் சொன்னதெல்லாம் காதில் ஏறிவிடுமா? "லேட்டா வந்தா வரட்டும். நம்ம கம்பெனி பஸ்ஸும்தான் லேட்டா வருது" என்று சிரித்து முடித்துவிட்டான்.

மறுநாள் வானம் கவிழ்ந்தது. அரபிக் கடலில் ஏதோ சுழல் என்று டிவியில் சொன்னார்கள். இரண்டு நாள் ஓயாத மழை, ஓலையைப் பிய்க்கிற காற்று. படகு எடுக்கக் கூடாது என்று கார்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சும்மா இருக்கத் தெரியாதவன் ஆஞ்சப்பன். அறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மாதேஸ்வரியின் பிராணனை வாங்கினான். "லீவு பூரா ஜன்னலைப் பாத்துக்கினே போவுது" என்று புலம்பினான்.

கடைசி நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. மேற்கே மட்டும் கருப்பாக ஒரு கரை தெரிந்தது. ஆஞ்சப்பன் நைட் ஷிப்டு விட்டு வீட்டுக்கு வருகிற நேரத்துக்கே எழுந்தான். பழகின கை தன்னால் போய் ஊசியைப் போட்டுக்கொண்டது. பிறகு பின்வாசலைத் திறந்து பார்த்தான். கழியில் பாதி அளவுக்குத் தண்ணீர்.

"பாத்தியா, லேட்டா வரும்னாரு. அன்னிக்கி இந்நேரத்துக்கு வெறும் சேறு. இன்னிக்கி சீக்கிரமாவே வந்திடிச்சி. வா, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு தோசைக்கு வந்திடலாம்."

மாதேஸ்வரி தயங்கினாள். மேற்கே இருந்த கருப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் கெஞ்சவில்லை, அவளைப் பார்த்து, "அந்தச் சுடிதாரப் போட்டுக்கினு வாயேன். ஊருக்குப் போனா போடவா போற?" என்றான். இத்தனை வருஷத்தில் அவள் என்ன உடுத்துகிறாள் என்று அவன் கவனித்ததே இல்லை. அவன் விழித்திருக்கும்போது அவள் எதிரில் இருந்தால்தானே கவனிக்க! அவள் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குற" என்றான். ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தையில் முகம் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்போடுதான் அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போன்களை அறையிலேயே வைத்தார்கள்.

கார்வி விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து, காற்று வரப்போகிறது, அவர் வந்துவிடட்டும் என்று குரல் கொடுத்தாள். "ஈக பர்த்தீவி, அக்கா" என்று ஆஞ்சப்பன் பதில் கொடுத்தான். இதோ வந்துவிடுவார்களாம். துறையில் படகு கயிற்றை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் மூக்கை நீட்டி நின்றது. அன்று கார்வி கூட்டிப்போனபோது அது ஊர்ப் பக்கம் பார்த்து நின்றது மாதேஸ்வரிக்கு நினைவு வந்தது. படகு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று ஏறி உட்கார்ந்தாள்.

இதுதான் அவர்கள் செய்த தப்பு. ஓசூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரே திசைதான். தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து நுரையோடு வரும், டேமில் நிற்கும், திறந்தால் கீழே போகும். போன தண்ணீர் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அங்கே தண்ணீர் தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அப்படியில்லை. கழியில் அவர்கள் பார்த்த அந்தப் பாதித் தண்ணீர் வந்துகொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது.

"துடுப்பே போட வேணாம் போலிருக்குதே. தன்னால இழுத்துக்கினு போவுது பாரு" என்று ஆஞ்சப்பன் குஷியாகச் சொன்னான். படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. மாதேஸ்வரியும் சிரித்தாள். கொக்குகளைப் பார்த்தார்கள். ஆற்று வாய்க்கு இரண்டு வளைவு இருக்கும்போது காற்று மாறியது. மேற்கிலிருந்த கருப்பு எழும்பி வந்தது. "போதும் மாமா, திருப்பு" என்றாள். அவன் திருப்பினான். முழு பலத்தோடு துடுப்பைப் போட்டான். படகு நகரவில்லை. நாலு போடு போட்டால் ஒரு முழம் போகும், நிறுத்தினால் இரண்டு முழம் பின்னால் வரும். சட்டை நனைய நனையப் போட்டான். ஒரு வளைவைத் தாண்டினார்கள். அடுத்த வளைவில் அடியில் ஏதோ உரசியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

சுற்றிலும் தண்ணீர் ஒழுகி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு வெளியே வந்தது, நண்டுகள் வெளியே வந்தன. ஆஞ்சப்பன் இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை விட்டான். தொடை வரை உள்ளே போயிற்று. அவள் இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். செருப்பு சேற்றோடு போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா?

"கத்திப் பாரு" என்றான். அவள் கத்தினாள். காற்று அந்தக் கத்தலை எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிற்று. வீடு இருக்கிற பக்கம் மரங்கள்தான் தெரிந்தன.

"தண்ணி திரும்ப வரும் இல்ல?" என்று அவள் கேட்டாள்.

"வரும் வரும். பி ஷிப்டுக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். துடுப்புப் போட்ட வியர்வை என்றுதான் அவள் நினைத்தாள். தூரத்தில் இடி உருண்டது.

"நோரு எண்டிபோத்தாந்தி" என்றான் ஆஞ்சப்பன்.

வாய் வறண்டு போகிறதாம். மாதேஸ்வரியின் கை அவள் நினைக்கும் முன்பே இடுப்புக்குப் போயிற்று. இடுப்பில் வழவழவென்ற நீலத் துணிதான் இருந்தது. சுருக்குப்பை சேலையோடு அறைக் கட்டிலில் கிடந்தது.

ஊசி போட்டிருக்கிறான், ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு ஷிப்டு வேலைக்குச் சமமாகத் துடுப்புப் போட்டிருக்கிறான். படகில் அரை பாட்டில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பலகைக்கு அடியில் தடவினாள். பழைய தூண்டில் நரம்பு, ஒரு காலி மிக்சர் கவர். கவரை நக்கிப் பார்த்தாள், வெறும் உப்பு. ஒரு சாக்லேட் காகிதம்கூட இல்லை. நாளெல்லாம் இடுப்பில் வெல்லம் வைத்துக்கொண்டு திரிந்தவள் அழகு பார்க்கப் போய் இன்று வெறுங்கையோடு நிற்கிறாளே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, தமிழ்ல பேசு. என் பேரு சொல்லு."

"மாது" என்றான். அப்புறம் எரிச்சலாக, "எந்துக்கு அட்ல சூஸ்தாவு?" என்றான். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கிறான். சர்க்கரை இறங்கினால் கோபமும் வரும்.

அவனை நடுப்பலகையில் சாய்த்து உட்கார வைத்தாள். ஆடாமல் இருந்தால் கொஞ்சம் தாங்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிரவீனா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு யார் வந்தது, வீட்டுக்கு எந்த வருஷம் ஓடு மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் அவன் தெலுங்கில் பதில் சொன்னான். முதலில் சரியான பதில். பிறகு பாதி. பிறகு கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. அவளுக்கும் தெலுங்கு வரும், அவளும் தெலுங்குக்கே மாறிக்கொண்டாள். இப்படி ஒரு பயம் அவள் வாழ்க்கையில் பட்டதில்லை. செத்துவிடுவான் என்ற நினைப்பு மனசுக்குள் வந்து வந்து போயிற்று. அதை ஒவ்வொரு தடவையும் வைது விரட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆஞ்சப்பன் சடாரென்று எழுந்தான். "ஷிப்டுகி டைம் ஆயா. சங்கு ஊதினாரு" என்று சொல்லிக்கொண்டு படகின் விளிம்பில் கால் வைத்தான். அங்கே சேறு, விழுந்தால் எழ முடியாது. அவள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அவன் திமிறினான். பிரஸ் மிஷின் ஓட்டின கை, முழங்கை அவள் தாடையில் பட்டு உதடு கிழிந்தது. விடவில்லை. இழுத்துக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, துப்பட்டாவை உருவி அவன் இடுப்பைச் சுற்றிப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள். ரோஜாக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அவிழாது.

அவன் மூச்சு வாங்க அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"நுவ்வு எவுரு?" என்றான். நீ யார் என்று கேட்டான்.

அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். அவனே குரலைத் தாழ்த்தி, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது போல மரியாதையாகச் சொன்னான். "நா பெண்ட்லாம் ஒஸ்தாதி. பெல்லம் தெஸ்தாதி." என் பெண்டாட்டி வருவாள், வெல்லம் கொண்டுவருவாள் என்று சொன்னான். பிறகு சின்னப் பையன் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, எப்போதும் கொண்டுவருவாள் என்று அதையும் தெலுங்கிலேயே சொன்னான்.

மாதேஸ்வரி அழுதாள். மழையில் அவள் அழுதது அவளுக்கே தெரியவில்லை. "ஒஸ்தாதி, ஒஸ்தாதி" என்று அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வருவாள், கட்டாயம் வருவாள்.

அவன் கண்கள் சொருகத் தொடங்கியபோதுதான் அந்த இலையைப் பார்த்தாள். அலையாத்தி மரத்தின் பழுத்த இலை ஒன்று சேற்றுக்கு நடுவே இருந்த ஒடுங்கிய தண்ணீரில் மிதந்தது. அதுவரை எல்லாமே கடலை நோக்கிப் போயின. இந்த இலை ஊரை நோக்கிப் போயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இன்னொரு இலை வந்தது, அதுவும் ஊரை நோக்கி. போன தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவள் துடுப்பைப் பக்கத்துச் சேற்றில் குத்தி நிறுத்தினாள். தண்ணீர் அதன் அடியைத் தொட்டது. ஏறுகிறதா என்று பார்ப்பதும், அவன் கன்னத்தைத் தட்டுவதுமாக இருந்தாள். அவன் முனகினால் உயிர் வந்தது, முனகாவிட்டால் போயிற்று. மேல்காற்றும் சேர்ந்து தள்ளியதில் தண்ணீர் வேகமாகவே வந்தது, ஆனால் அவளுக்கு அது நடக்கத் தெரியாத குழந்தை வருவது போல இருந்தது. கடைசியில் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது.

வாழ்நாளில் துடுப்புப் போட்டதில்லை அவள். இப்போது போட்டாள். கரையில் முட்டும்போது குத்தித் தள்ளினாள், தள்ளாதபோது தண்ணீரே இழுத்துப் போயிற்று. கழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் மழைத்திரையில் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் போனால் வீடு, மறுபக்கம் போனால் பெரிய ஆறு. அவள் துடுப்பை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். வலது பக்கமிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அந்தப் பக்கமே தள்ளினாள். கார்வியும் அவர் மனைவியும் துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சக்கரை! பெல்லா! பெல்லா தன்னி!" என்று, வெல்லம் கொண்டுவரச் சொல்லி, மாதேஸ்வரி கன்னடத்தில் கத்தினாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓடினாள். தோசைக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்த அந்தக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். மாதேஸ்வரி விரலால் வழித்து, ஆஞ்சப்பனின் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே விட்டுத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். கார்வி முடிச்சை அறுத்து அவனைத் திண்ணைக்குத் தூக்கிவந்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்புக்குப் போன் போட்டார். அவன் நாக்கு அசையவில்லை. அவள் தடவிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் பாதியானபோது நாக்கு அசைந்தது. பிறகு விரலைச் சப்பியது.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்தான். கூரையைப் பார்த்தான். கார்வியைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான். சேறும் ரத்தமும் அப்பிய அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். எந்த பாஷையில் பேசப் போகிறான் என்று மாதேஸ்வரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நேரம் எங்க போயிருந்த?" என்றான் தமிழில். அந்தக் குரலில் தினமும் மத்தியானம் போனில் வருகிற அதே குறை இருந்தது. "நான் எவ்ளோ நேரமா உனக்காகக் காத்துக்கினு இருந்தன் தெரியுமா?"

இங்கேயேதான் இருந்தேன், உன்னை அணைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விரலில் மிச்சமிருந்த வெல்லத்தை அவன் உதட்டில் வைத்தாள்.

"பண்ணையிலதான் மாமா" என்றாள். "வேன் லேட்டாயிடிச்சி."